தன்னைக் கொடுப்பதில் கிடைக்கும் நிறைவு: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாடக் கூட்டங்களிலும் மாதர் ஐக்கியத்திலும் வீட்டுச் சந்திப்புகளிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. புளியந்தீவு, கல்லடிப் பக்கத்தில் கேட்கிறவர்களும் உண்டு, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வந்து கேட்கிறவர்களும் உண்டு. நான் மெதடிஸ்த திருச்சபையில் வளர்ந்தவன். ஆதலால் வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன். கத்தோலிக்கச் சகோதரர்களும் மற்றச் சபையாரும் தங்கள் வேதாகமத்தில் அதே இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்காக வாழ்ந்தால் மனநிறைவு கிடைக்கும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். உண்மையாகவே கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் அதைத் தேடிக்கொண்டு போகிறவனுக்குக் கிடைப்பது அரிது.

"தன் ஜீவனை இரட்சிக்க விரும்புகிறவன் அதை இழந்துபோவான், என்னிமித்தமாகவும் சுவிசேஷத்தினிமித்தமாகவும் தன் ஜீவனை இழந்துபோகிறவன் அதை இரட்சித்துக்கொள்ளுவான்" என்று மாற்கு 8:35 சொல்கிறது. இதில் "என்னிமித்தமாகவும்" என்ற இடத்தைத் தாண்டி ஓடிவிடக் கூடாது. இயேசு ஒரு முதலீட்டுத் திட்டத்தை அறிவிக்கவில்லை. இவ்வளவு கொடு, இவ்வளவு நிம்மதி வரும் என்று கணக்கும் சொல்லவில்லை. தம்மைப் பார்த்துத் தம் பின்னால் வரச் சொன்னார். கண் அவர்மேலும் அவர் காட்டும் மனிதர்மேலும் இருக்கும்போது, நிறைவு நமக்குத் தெரியாமலே வந்து சேர்கிறது. "எனக்கு நிறைவு வந்துவிட்டதா?" என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உதவி செய்கிறவருடைய கண் இன்னும் தன்மேல்தான் இருக்கிறது.

கலியாண வீட்டில் யார் எவ்வளவு என்வலப்பில் வைத்தார்கள் என்று கொப்பியில் எழுதிவைப்பது நம்முடைய வழக்கம். அதில் பிழையில்லை, உறவு நடப்பதே அப்படித்தான். அந்தக் கொப்பியைத் தேவனுக்கு முன்னால் கொண்டுபோகும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

அப்படியென்றால் "நான்" என்கிற ஆளே இல்லாமல் போக வேண்டுமா?

இல்லை. யோவான் 13ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். சீஷருடைய கால்களை இயேசு கழுவுவதற்கு முன்னால், தாம் தேவனிடத்திலிருந்து வந்தவர், தேவனிடத்திற்கே போகிறவர் என்று அவர் அறிந்திருந்ததாக யோவான் எழுதுகிறார். அதை அறிந்துதான் எழும்பினார், வஸ்திரத்தைக் கழற்றி வைத்தார், சீலையை இடுப்பில் கட்டினார். தாம் யார் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. அதனால் அடிமை செய்யும் வேலையைச் செய்ததில் அவருக்கு எதுவும் குறைந்துபோகவில்லை.

நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மதிப்புக் கிடைப்பதற்காகச் சேவை செய்கிறோம். சபையில் கதிரை அடுக்குவதிலிருந்து சங்கத்துக்குத் தலைவராக இருப்பது வரை, ஆட்கள் கவனிக்காவிட்டால் மனம் நொந்துபோகிறது. தேவனுடைய பிள்ளை என்ற நிச்சயம் முதலில் வேண்டும், கொடுப்பது அதற்குப் பிறகு. பவுலும் "கிறிஸ்துவுடனேகூடச் சிலுவையிலறையப்பட்டேன்" என்று சொல்லி நிறுத்தவில்லை, "ஆயினும், பிழைத்திருக்கிறேன்" என்று தொடர்ந்தார் (கலாத்தியர் 2:20). பிறனிடத்தில் அன்புகூரச் சொல்லும் கட்டளையும் "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல்" என்றுதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் தியாகம் செய்வது எப்போதும் ஒரே ஆள்தான். மற்றவர்கள் அதை அனுபவிக்கிறார்கள். இதைத்தான் சிலுவை சுமப்பது என்கிறீர்களா?

இதைக் கேட்பது பெரும்பாலும் பெண்கள், அல்லது மூத்த பிள்ளைகள். நேராகவே பதில் சொல்கிறேன்: இல்லை.

நம்முடைய ஊர்களில் இது எப்படி நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். தங்கச்சிமாருக்குச் சீதன வீடு கட்டி முடிக்கும்வரை அண்ணன் கலியாணம் செய்யாமல் உழைக்கிறார். அக்கா குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போய், தன் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டு, மாதாமாதம் காசு அனுப்புகிறார். அந்தக் காசில் வளவுக்கு மதில் எழும்புகிறது, தம்பிக்கு மோட்டார் சைக்கிள் வருகிறது. அவர் திரும்பி வரும்போது அவருக்கென்று ஒரு அறைகூட இல்லை. இதை அன்போடு, தானாக விரும்பிச் செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் நான் தலை குனிகிறேன். ஆனால் வாங்குகிறவர்கள் அதைத் தங்கள் உரிமையாக்கி, மேலே ஒரு வசனத்தையும் ஒட்டி வைப்பது வேறு விஷயம்.

இயேசு தம் ஜீவனைப் பற்றி, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்றார் (யோவான் 10:18). சிலுவையை அளக்க என்னிடம் இருக்கும் அளவுகோல் இந்த வசனம்தான். தன் கையால் கொடுத்தது காணிக்கை. கையைப் பிடித்து எடுத்தது பறிப்பு. பறிகொடுத்தவரிடம் "பொறுத்துக்கொள் மகள், பரலோகத்தில் பலன் உண்டு" என்று சொல்லி அனுப்புவது ஊழியம் ஆகாது.

பிலிப்பியர் 2:4இல் "அவனவன்" என்று இருப்பதையும் கவனியுங்கள். தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்கச் சொன்னது முழுச் சபைக்கு. கணவனுக்கும் அதே வசனம், தம்பிக்கும் அதே வசனம், மாமியாருக்கும் அதே வசனம். எல்லாரும் மற்றவரை நோக்கினால் ஒருவரும் கவனிப்பாரற்றுப் போகமாட்டார். ஒருவர் மட்டும் நோக்கினால் அவர் உடைந்துபோவார்.

குடித்துவிட்டு அடிக்கிற வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அடி வாங்கிக்கொண்டு இருப்பது சீஷத்துவம் அல்ல. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பொலிசுக்குப் போவதோ, பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போவதோ விசுவாசத்தை விட்டுப்போவதாகாது. அடிக்கிறவரை மேலும் பாவம் செய்ய விடாமல் தடுப்பதும் அவருக்குச் செய்கிற நன்மைதான்.

ஓய்வெடுத்தால் குற்றவாளி மாதிரி மனம் உறுத்துகிறது.

சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான் (1 இராஜாக்கள் 19). சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷரைச் "சற்றே இளைப்பாறும்படி" கூப்பிட்டதும் இயேசுதான் (மாற்கு 6:31). படுத்துத் தூங்குங்கள்.

இந்த மண்ணில் அப்படி வாழ்ந்தவர்கள் இருக்கிறார்களா, அல்லது எல்லாம் வேதாகமக் காலத்துக் கதைகளா?

நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயர் பதிவான சிலரை மட்டும் சொல்கிறேன்.

வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். கப்பல் பயணத்திலேயே மனைவியை இழந்திருந்தார். அந்த மிஷனரிக் குழுவை வழிநடத்தி வந்த தோமஸ் கோக்கும் இலங்கையைக் காணாமலே கடலில் இறந்துபோனார். தனியாக இங்கே வந்த ஓல்ட் மொழி படித்தார், பள்ளிக்கூடங்கள் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி நோயால் இறந்தார். வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814இல்தான் எண்ணுகிறது. அங்கே படித்து ஆசிரியர், வைத்தியர், பொறியியலாளர் ஆனவர்களில் பாதிப்பேருக்கு ஓல்ட்டின் பெயர் தெரியாமல் இருக்கலாம். அவருக்கு அது ஒரு குறையாக இருந்திருக்காது.

யேசு சபைக் குருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் இங்கே இளைஞருக்குத் தொழிற்கல்வியும் கூடைப்பந்தும் பழக்கியவர். 1990ஆம் ஆண்டு யுத்தம் மறுபடி மூண்டபோது புறப்பட்டுப் போயிருக்கலாம், கடவுச்சீட்டு கையில் இருந்தது. போகவில்லை. ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த இளைஞனோடு காணாமற்போனார். இன்றுவரை திரும்பவில்லை. காணாமற்போனவர்களின் தாய்மாருக்கு இது எத்தனை நெருக்கமான கதை என்று நான் சொல்லத் தேவையில்லை.

பென் ஹரி மில்லர் அடிகளார் 1948இல் வந்தார். புனித மிக்கேல் கல்லூரியில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். யுத்த காலத்தில் சமாதானக் குழுவோடு நின்று, பிடிபட்டவர்களுக்காகவும் காணாமற்போனவர்களுக்காகவும் முகாம்களின் வாசலில் போய்க் கேட்டார். 2019 ஜனவரி 1ஆம் திகதி இந்த ஊரிலேயே கண்மூடினார். எழுபது வருடத்தை ஒரு ஊருக்குக் கொடுத்த மனிதர் அவர். ஆயுள் முழுக்கத் தினம் தினம் கொடுப்பதும் உயிரைக் கொடுப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே 2019இல், ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் சபையில் நடந்ததை நாம் எல்லாரும் அறிவோம். பையோடு வந்த அந்நியரை ஆராதனை நடக்கும் கட்டடத்துக்குள் விடாமல் முற்றத்திலேயே மறித்தவர் அந்தச் சபையைச் சேர்ந்த ஒரு தகப்பன். குண்டு வெளியே வெடித்தது. ஞாயிறுபள்ளி முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலரோடு அவரும் இறந்தார். உள்ளே இருந்தவர்களில் எத்தனையோ பேர் இன்று உயிரோடிருக்கிறார்கள். அவருடைய குடும்பத்தின் இழப்பை நாம் பிரசங்க உதாரணமாக்கிவிட்டுக் கடந்துபோகக் கூடாது. அவருடைய பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பது நம்முடைய கடமை.

இவ்வளவு செய்தும் நன்றி சொல்ல ஒருவரும் இல்லை. பலனும் தெரியவில்லை.

வலிக்கத்தான் செய்யும். பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தபோது இயேசுவே "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று கேட்டார். நன்றியை எதிர்பார்ப்பது பாவமில்லை. ஆனால் அந்த ஒன்பது பேரையும் அவர் திரும்பவும் நோயாளிகளாக்கவில்லை.

"கோதுமை மணியானது நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்திருக்கும், செத்ததேயாகில் மிகுந்த பலனைக் கொடுக்கும்" (யோவான் 12:24). நமக்கு அது விதைநெல். ஒக்டோபரில் மழை இறங்கும் நேரம் படுவான்கரை வட்டைகளில் விதைக்கிறவர், வீசிய நெல்லை அடுத்த நாள் தோண்டிப் பார்ப்பதில்லை. மாசி, பங்குனியில் அறுவடை. அதுவும் வெள்ளம் அள்ளாமல், யானை இறங்காமல் இருந்தால். அப்படியிருந்தும் அடுத்த போகத்துக்கும் விதைக்கிறார். ஓல்ட்டுக்குத் தன் அறுவடையைக் காண ஒரு வருடம்கூடக் கிடைக்கவில்லை.

உதவி செய்வதைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போடலாமா? மற்றவர்களுக்கும் ஊக்கமாக இருக்குமே.

வாங்குகிறவரின் முகம் தெரியக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடி, கல்லடி, பாண்டிருப்பு, கல்முனை, திருக்கோவில் என்று கரை முழுக்க உதவி வந்தது. முதல் நாட்களில் வந்தது அயலவரின் சோறும், உடுத்தக் கொடுத்த சாரமும் சீலையும்தான். அதைப் படம் எடுத்தவர் இல்லை. பிறகு பதாகைகள் வந்தன. பிணங்களை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மனிதர்கள் வரிசையில் நின்று, ஒரு வாளிக்கும் பாய்க்கும் கமெராவைப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த அவமானம் இன்னும் நினைவில் இருக்கிறவர்கள் நம் சபைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்பது மத்தேயு 6:3. கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் ரசீதைக் காட்டுங்கள், கட்டிய கிணற்றைக் காட்டுங்கள். பிள்ளையின் முகத்தைக் காட்டாதீர்கள்.

கடன் கேட்டு வருகிறவர்களுக்கு "இல்லை" என்று சொல்வது சுயநலமா?

சில வேளைகளில் அதுவே சரியான பதில். நுண்கடன் கம்பனிகளிடம் ஒன்றை அடைக்க இன்னொன்று என்று எடுத்துச் சிக்கிய பெண்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று தெரியும். அடுத்த கடனுக்குப் பிணை நிற்பது அவர்களுக்கு உதவி ஆகாது. கூட உட்கார்ந்து கொப்பியும் பேனையுமாகக் கணக்கைப் பார்ப்பது, கிழமைக் கட்டுப்பணத்துக்கு ஆள் வரும்போது பக்கத்தில் நிற்பது, ஒரு மாத அரிசியை வாங்கிக் கொடுப்பது, இவையெல்லாம் உதவி. கொடுப்பதானால் "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று பவுல் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள் (2 கொரிந்தியர் 9:7). திரும்ப வராவிட்டாலும் உறவு முறியாத அளவுக்குக் கொடுப்பது நல்லது.

மன்னிப்பதும் இதில் சேருமா? 2019க்குப் பிறகு என்னால் முடியவில்லை.

சேரும். எல்லாவற்றிலும் கடினமானதும் இதுதான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரைப் பார்த்து "மன்னித்துவிட்டீர்களா?" என்று கேட்கும் உரிமை மற்றவர்களுக்கு இல்லை. அது அவருக்கும் கர்த்தருக்கும் இடையில், அவர்களுடைய நேரத்தில் நடப்பது. நீதி கேட்பதும் மன்னிப்புக்கு எதிரானதல்ல. யார் செய்வித்தார்கள், தெரிந்திருந்தும் யார் தடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே மன்னிக்கலாம்.

இழப்பு நேரடியாகத் தொடாத நம்மைப் போன்றவர்களிடம் கேட்கப்படுவது வேறு. வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமான எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன. சந்தையும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் ஒன்றுதான். குண்டு வைத்தவனின் பாவத்தை மீன் விற்கிறவரின் தலையில், துணிக்கடைப் பிள்ளையின் தலையில் சுமத்துவதை நிறுத்தலாம். யூதரும் சமாரியரும் பேசிக்கொள்ளாத காலத்தில் இயேசு தம் கதையில் நல்லவனாகச் சமாரியனை வைத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படிக் குத்தியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உதவி செய்யும்போது சுவிசேஷமும் சொல்ல வேண்டுமா? அயலவர்கள் இந்துக்கள்.

கேட்டால் சொல்லுங்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரிசிப் பைக்கு விலையாக ஆலயத்துக்கு வரச் சொல்லாதீர்கள். இயேசு சுகமாக்கியவர்களில் பலர் அவருக்குப் பின்னால் போகவில்லை, அதற்காக அவர் சுகமாக்குவதை நிறுத்தவுமில்லை.

வயது போய்விட்டது. நோயும் கூட. பிறருக்கு நான் ஒரு சுமையாகிவிட்டேன். இனி என்னால் என்ன கொடுக்க முடியும்?

மெதடிஸ்தர் புது வருடத்தின் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடத்துவது வழக்கம். 1755இல் ஜோன் வெஸ்லி தொடக்கியது அது. அதில் செய்யும் ஒப்புக்கொடுத்தலில் ஒரு பகுதி எனக்கு வருடாவருடம் தொண்டையை அடைக்கிறது: உமக்காக வேலையில் அமர்த்தப்படவும் ஆயத்தம், உமக்காக ஒதுக்கி வைக்கப்படவும் ஆயத்தம் என்ற பொருளில் வருவது. ஓடியாடித் திரிகிற வயதில் அதை வாயால் சொல்லிவிடலாம். சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு சொல்வதுதான் முழுமையான காணிக்கை.

உங்களைக் குளிப்பாட்டுகிற மகளை, சோறு ஊட்டுகிற பேத்தியை, சினக்காமல் அதைச் செய்ய விடுவதும் ஒரு கொடை. பேதுரு தன் கால்களைக் கழுவ விடமாட்டேன் என்றபோது இயேசு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வாங்கத் தெரியாதவன் தன்னை இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை. பிறகு ஜெபம் இருக்கிறது. பெயர் சொல்லி ஜெபிக்க உங்களுக்கு இருக்கும் நேரம் எங்களுக்கு இல்லை. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று சபையில் கேளுங்கள், பெயர்களைக் கொண்டுவந்து தருவோம்.

எங்கே தொடங்குவது?

வீட்டில். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைக்கிற ஆண்பிள்ளை நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறான். அதற்குப் பிறகு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஒரு பின்னேரம் போய்ப் பாருங்கள். தூர ஊர்களிலிருந்து வந்து, பார்க்க ஆள் வராமல் கிடக்கிறவர்கள் எந்த வார்ட்டிலும் இருப்பார்கள். வைத்தியசாலையில் அனுமதி கேட்டு, ஒரு சுடுதண்ணிப் போத்தலோடு போங்கள். நீண்ட ஜெபம் வேண்டாம், முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். வீட்டுக்குச் சொல்லி அனுப்ப எதுவும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். போன் இல்லாமல், அல்லது ரீலோட் முடிந்து, பிள்ளைகளோடு பேசாமல் இருப்பார்கள்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிப் பழக்குவது?

ஞாயிறு காணிக்கைக்கு நாம் காசை அவர்களுடைய கையில் திணிக்கிறோம், அவர்கள் அதைப் பையில் போடுகிறார்கள். அது நம்முடைய காணிக்கை. அவர்களுக்குக் கிடைக்கும் காசிலிருந்து எவ்வளவு என்று அவர்களே தீர்மானிக்கட்டும். ஒன்றும் வேண்டாம் என்று தீர்மானித்தால் அந்த ஞாயிறு விட்டுவிடுங்கள், ஏச வேண்டாம். யாருக்காவது சாப்பாடு கொண்டுபோகும்போது அவர்களையும் கூட்டிப்போங்கள், கோப்பையை அவர்கள் கையில் கொடுங்கள். திரும்பி வரும் வழியில் பாடம் நடத்த வேண்டாம். அவர்களாகக் கேள்வி கேட்பார்கள்.